105-ஐ விடுங்கள், 18.7-ஐப் பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் உலகப் பட்டினிக் குறியீடு வெளிவந்ததும் வாசகர் கடிதங்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகின்றன. ஓர் அணிக்கு, அதை வெளியிடும் அமைப்புகள் அயர்லாந்திலும் ஜெர்மனியிலும் உட்கார்ந்துகொண்டு நம்மை மட்டம்தட்டச் செய்யும் சதி அது. மற்றோர் அணிக்கு, 'நேபாளம்கூட நமக்கு மேலே, இந்த நாடு உருப்படாது' என்று தலையில் அடித்துக்கொள்ள ஒரு வாய்ப்பு. இரு அணியும் கையில் பிடித்திருப்பது ஒரே எண்ணைத்தான்: 2024-ல் 127 நாடுகளில் 105-வது இடம். அந்த இடம் எப்படி வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் இரு அணியிலும் குறைவு.

கணக்கு எளிது. நான்கு அளவுகள்: போதிய கலோரி கிடைக்காத மக்கள், உயரத்துக்கேற்ற எடையில்லாத குழந்தைகள் (மெலிவு), வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் (குட்டை வளர்ச்சி), ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள். இந்தச் சதவீதங்களை முறையே 80, 30, 70, 35 ஆகியவற்றால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். பிறகு முதல் அளவிலும் கடைசி அளவிலும் மூன்றில் ஒரு பங்கு, நடுவில் உள்ள இரண்டிலும் ஆறில் ஒரு பங்கு எடுத்துக் கூட்ட வேண்டும். 2024-க்கு இந்தியாவின் எண்கள் 13.7, 18.7, 35.5, 2.9. அவை தரும் புள்ளிகள் 5.7, 10.4, 8.5, 2.8. பின்னங்களைச் சரிக்கட்டினால் மொத்தம் 27.3. (புள்ளி குறையக் குறைய நாட்டின் இடம் மேலே போகும்.) இதில் பெரிய பங்கு மெலிவுடையது.

மத்திய அரசு முக்கியமாக எதிர்ப்பது முதல் அளவை. 3,000 பேரிடம் கேட்ட கருத்துக் கணிப்பை வைத்து 140 கோடிப் பேரை மதிப்பிடலாமா என்பது அதன் கேள்வி. அந்த அளவு முழுவதும் கருத்துக் கணிப்பில் நிற்பதல்ல. நாட்டின் உணவு உற்பத்தி, இறக்குமதி, இருப்புக் கணக்குதான் அதன் அடிப்படை. ஆனாலும் நான்கில் ஆட்டம் காண்பது அதுதான், ஒப்புக்கொள்வோம். (2017-18 நுகர்வுச் செலவு ஆய்வின் முடிவுகளை நாமே வெளியிடாமல் நிறுத்திவைத்தோம் என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்வோம்.) சரி, இந்தியாவில் ஒருவருக்குக்கூடக் கலோரிக் குறைவு இல்லை என்று வைத்து 5.7-ஐ முழுக்கக் கழித்துவிடலாம். மீதி 21.6. இருபதைத் தாண்டினாலே 'கடுமை' வகை. வங்கதேசம் அப்போதும் 19.4-ல் நமக்கு மேலேயே இருக்கும்.

அடுத்த வாதம், மெலிவு 18.7 அல்ல, அங்கன்வாடிக் குழந்தைகளின் எடை, உயரத்தைப் பதியும் அரசுச் செயலியான போஷன் டிராக்கரில் அது 7.2-தான் என்பது. அதையும் ஏற்று, கலோரிக் குறைவையும் பூஜ்யமாக்கினால் 15.2 வரும். நேபாளம் 14.7. ஆக, நாம் கேட்ட சலுகை எல்லாவற்றையும் கொடுத்த பிறகும் நேபாளத்தை எட்டவில்லை.

அந்த 7.2-ஐச் சற்று நின்று பார்க்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்துத்தான் நீளம் அளக்க வேண்டும். அதற்கு இருவர் தேவை. ஒருவர் தலையைப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க, மற்றவர் முழங்காலை அழுத்திப் பாதத்தில் சட்டத்தைச் சேர்க்க வேண்டும். அங்கன்வாடியில் பெரும்பாலும் ஒருவர்தான். குழந்தை முழங்காலை மடக்கினால் நீளம் குறைவாகப் பதிவாகும். அந்தக் குறைந்த நீளத்துக்கு அதே எடை போதுமானதாகத் தெரியும். மெலிந்த குழந்தை கணக்கில் தப்பிவிடும், குட்டை வளர்ச்சியோ கூடும். டிராக்கரின் எண்களும் அப்படித்தான் இருக்கின்றன: மெலிவு ஆய்வு எண்ணில் பாதிக்கும் கீழே, குட்டை வளர்ச்சி ஆய்வு எண்ணை ஒட்டி 35 சதவீதம் வாக்கில். முழங்கால் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. மையத்தில் பதிவான குழந்தைகளை மட்டும் அளப்பதும், மாதிரி முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுத்துப் போய் அளப்பதும் வேறு வேறு. ஆனால் அதே பதிவேட்டிலிருந்து மெலிவை மட்டும் எடுத்து வெளிநாட்டுக்காரர் முகத்தில் வீசுவது வசதியான தேர்வு. அந்த 18.7-க்கு அடிப்படையே நம் சுகாதார அமைச்சகத்தின் தேசியக் குடும்ப நல ஆய்வுதான். 2019-21 ஆய்வறிக்கை சொல்லும் எண் 19.3, அதாவது குறியீட்டுக்காரர்கள் போட்டதைவிட அதிகம்.

'நம் பிள்ளைகள் பரம்பரையாகவே சின்ன உடம்பு, வெள்ளைக்காரக் குழந்தையை வைத்து அளந்தால் இப்படித்தான்' என்பாரும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல் ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து உருவானது: பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா, இந்தியா. தெற்கு டெல்லியின் வசதியான வீட்டுக் குழந்தைகள் நார்வே குழந்தைகளை ஒட்டியே வளர்ந்தார்கள். பெருமைப்பட இதில் நிறையவே இருக்கிறது, ஏனோ யாரும் எடுப்பதில்லை.

தலையில் அடித்துக்கொள்வோரின் கணக்கும் சுத்தமில்லை. '2014-ல் 55-வது இடம், 2024-ல் 105' என்று சுற்றும் படம் பொய்க் கணக்கு. அப்போது ஐந்துக்கும் குறைவான புள்ளி பெற்ற நாடுகளைத் தரவரிசையிலேயே சேர்க்கவில்லை, கணக்கு முறையும் 2015-ல் மாறிவிட்டது. ஒரே முறையில் கணக்கிட்டால் 2000-ல் 38.4, 2008-ல் 35.2, 2016-ல் 29.3, 2024-ல் 27.3. நாம் சரியவில்லை. ஆனால் முந்தைய எட்டாண்டில் ஆறு புள்ளி இறங்கிய நாடு பிந்தைய எட்டாண்டில் இரண்டே புள்ளிதான் இறங்கியிருக்கிறது. சண்டை போட வேண்டிய இடம் இது.

2022-ல் பொருளாதாரம் நொறுங்கிய இலங்கை 64-வது, நாம் 107-வது என்று கேலி நடந்ததே, அதற்கும் விடை உண்டு. உயரமும் குழந்தை இறப்பும் பல ஆண்டுப் போக்கைக் காட்டுபவை, அந்த ஆண்டின் பெட்ரோல் வரிசையை அல்ல. இலங்கையிலும் மெலிவு குறைவில்லை, 2016 ஆய்வில் 15 சதவீதம். தமிழ்நாட்டில் 2019-21 குடும்ப நல ஆய்வில் 14.6. முந்தைய ஆய்வின் 19.7-லிருந்து இறங்கியது நல்ல செய்திதான், ஆனால் உலக சுகாதார நிறுவனம் 15-ஐத் தொட்டாலே 'மிக அதிகம்' என்கிறது. மெலிவு நம் நாட்டில் பிறந்த முதல் ஆறு மாதத்திலேயே அதிகம் தெரிகிறது. கருத்தரிக்கும்போதே எடை குறைந்திருக்கும் தாயிடமிருந்து தொடங்கும் சிக்கல் அது, ரேஷன் அரிசியைக் கூட்டினால் மட்டும் தீராது.

உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த குறியீடு வரும்போது இடத்தைத் தலைப்பில் போடாமல், நான்கு எண்களையும் அவை எந்த ஆண்டு ஆய்விலிருந்து வந்தவை என்பதையும் ஒரு சிறு கட்டத்தில் தாருங்கள். பக்கத்திலேயே உங்கள் பதிப்பு போகும் மாவட்டங்களின் மெலிவு அளவையும் அச்சிடுங்கள். குடும்ப நல ஆய்வின் மாவட்ட அறிக்கைகளில் அது இருக்கிறது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரப் புள்ளியியல் பணியாளர்,
திருச்சி