அந்த வேலின் யாரைத் தொடுகிறது?

ஆசிரியருக்கு,

அரிவாள் அணு ரத்தசோகை பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரை, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்தில் 'பீட்டா சங்கிலியின் 6-ஆம் இடத்தில் குளுட்டமிக் அமிலத்துக்குப் பதில் வேலின்' என்பதோடு நின்றுவிட்டது (இரண்டும் அமினோ அமிலங்கள், புரதச் சங்கிலியின் கண்ணிகள்). வேலின் வந்தால் என்ன கெட்டுப்போகிறது? என் மாணவர்களும் இதையே கேட்பார்கள். பல ஆண்டுகள் மழுப்பினேன்.

ஓய்வுக்குப் பிறகு, பேத்தியின் மடிக்கணினியில் 1997-இல் வெளியான, இந்த ஹீமோகுளோபினின் படிக அமைப்பை (ஒவ்வொரு அணுவின் இடத்தையும் காட்டும் வரைபடத்தை) திறந்து, எந்த அமினோ அமிலம் எதைத் தொடுகிறது என்று பட்டியலிட்டேன். தொடுவதாகக் கொள்ள, அணுக்களுக்கு இடையே 4.5 ஆங்ஸ்ட்ராம்தான் வரம்பு; ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. (8 என்று வைத்தால் தெருவே உறவாகிவிடுகிறது.) நீரை வெறுக்கும் அந்த வேலின், அடுத்த ஹீமோகுளோபினில் 85-ஆம் ஃபீனைல்அலனினும் 88-ஆம் லியூசினும் அமைத்த குழிக்குள் புகுந்திருந்தது. ஆக்சிஜனை இறக்கிய பிறகே குழி அதற்கு வாகாகிறது. ஹீமோகுளோபின்கள் இப்படி ஒன்றையொன்று பிடித்து இழையாக நீள்வதால்தான் ரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளைகிறது.

கருவில் உருவாகும் ஹீமோகுளோபினில் குழியை ஒட்டிய 87-ஆம் இடத்தில், பெரியவர்களுக்கு இருப்பதுபோல் த்ரியோனின் என்ற அமினோ அமிலம் இல்லை, குளுட்டமின் இருக்கிறது. அது இந்தப் பிடிப்பைக் கெடுக்கிறது. பிறந்த சில மாதங்கள் குழந்தைக்கு நோய் தெரியாததற்கு இது ஒரு காரணம். மரபணு சிகிச்சை ஒன்றிலும் இதே மாற்றத்தைப் புகுத்தியிருக்கிறார்கள்.

இந்தியாவில் இந்நோய் 1952-இல் முதலில் பதிவானது எங்கள் நீலகிரிப் பழங்குடியினரிடம். அடுத்த கட்டுரையில் ஒரு படமாவது போடுங்கள். வளைந்த அணுவை அல்ல, அந்தக் குழியை.

– ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், கூடலூர்