மயிலாப்பூர் மாட வீதிகளில் புதிய சாலை போடும் முன் தெருவோரத் தொழிலாளிகளுக்கு இடம் குறித்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
மாட வீதிகளிலும் அவற்றை ஒட்டிய தெருக்களிலும் தொழில் செய்வோர் சார்பாக,
ஓர் இஸ்திரி வண்டித் தொழிலாளி,
மயிலாப்பூர், சென்னை – 600 004.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

பொருள்: மெட்ரோ பணிக்குப் பின் மயிலாப்பூர் சாலைகளைச் சீரமைக்கும் வரைபடத்தில் தெருவோர வியாபாரிகளின் இடங்களை முன்கூட்டியே குறிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

மேற்கு மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு தெருவின் முனையில், புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவன் நான். அப்பாவுக்குக் கண் மங்கியதும் 1991-ல் பெட்டியை நான் கையில் எடுத்தேன். நான் சொல்லச் சொல்ல இந்த மனுவை எழுதியவள் பி.காம். படிக்கும் என் மகள். சட்ட விவரங்களைத் தேடிச் சேர்த்ததும் அவள்தான். பேச்சும் படிப்பும் கலந்து வந்திருந்தால் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருமயிலை மெட்ரோ நிலையத்தில் மாதவரம்–சிப்காட் ரயில் தடமும் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடமும் பூமிக்கடியில் சந்திக்கப்போகின்றன. அந்த வேலைக்காக லஸ் முனையிலும் ராமகிருஷ்ண மடம் சாலையிலும் தகடு அடித்து, போக்குவரத்தைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். பஸ் போகாத தெருவில் எல்லாம் இப்போது வண்டிகள் நெரிகின்றன. என் வண்டியையே மூன்று முறை நகர்த்திவிட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ரயில் வந்தால் என் மகளும்தான் ஏறிப் போவாள். வேலை முடிந்து தகட்டை எடுக்கும் நாளை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. அன்று புதுச் சாலை போடுவார்கள், பட்டைக்கல் பதித்த நடைபாதை வரும், ஓரத்தில் இரும்புத் தூண் நடுவார்கள். அந்த வரைபடத்தில் மரத்துக்கு இடம் இருக்கும், விளக்குக் கம்பத்துக்கு இருக்கும், கார் நிறுத்தவும் இருக்கும். பூக்காரம்மாவுக்கும் செருப்புத் தைப்பவருக்கும் எனக்கும் அதில் இடம் இல்லாமல் போனால், மறுநாள் காலையிலிருந்து நாங்கள் ஆக்கிரமிப்பாளர்கள். முப்பது நாற்பது வருஷமாக நின்ற இடத்தில் நிற்போம், ஆனால் ஆக்கிரமிப்பாளர்கள்.

இந்தத் தெரு எப்படி இருந்தது என்று தங்களுக்குச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் எங்கள் கோரிக்கை புரியாது.

நான் பெட்டி எடுத்த காலத்தில் இங்கே பெரும்பாலும் ஓட்டு வீடுகளும் ஒற்றை மாடி வீடுகளும்தான். வாசலில் திண்ணை. தெருவோரம் உட்கார்ந்து பிழைப்பவர்களுக்கு அந்தத் திண்ணை எவ்வளவு பெரிய விஷயம் என்று அது போன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. கீரைக்கார ஆயா மதியம் தலை சாய்த்தது திண்ணையில். மீந்த காய்க் கூடையை ராத்திரி வைத்துவிட்டுப் போனதும் அங்கேதான். தையல்காரர் ஒருவர் ஒரு திண்ணையிலேயே மெஷின் போட்டு மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். குடிக்கத் தண்ணீர் என்று குரல் கொடுத்தால் உள்ளேயிருந்து சொம்பு வரும். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி மரியாதையோடு வந்தது என்று சொல்ல மாட்டேன். தனி டம்ளரும் பார்த்திருக்கிறேன், தூக்கி ஊற்றிய தண்ணீரையும் குடித்திருக்கிறேன். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல இந்த மனுவை எழுதவில்லை. ஆனாலும் நிழல், தண்ணீர், சாமான் வைக்க ஓர் இடம், பெண்களுக்குக் கொல்லைப்புறம் போக ஒரு வழி, இவை எல்லாவற்றையும் வீடுகள் கொடுத்தன. எங்கள் கடைகள் சாலையில் இருந்தாலும் அவற்றின் வேர் வீடுகளில் இருந்தது.

வீடுகள் ஒவ்வொன்றாகப் போயின. பங்காளிகள் பிரித்துக்கொள்ள வழியில்லாமல் சில போயின. பெற்றவர் இங்கே, பிள்ளைகள் அமெரிக்காவில் என்று பூட்டிக் கிடந்து சில போயின. 2019-ல் வந்த கட்டட விதிகளில் தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனையின் அளவைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கை, 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தினார்கள். அதே மனையில் இன்னும் கூடக் கட்டலாம் என்று ஆனதும் பில்டர்களின் நடமாட்டமும் கூடியது. விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒழுகும் ஓட்டை வருஷா வருஷம் மாற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

ஒரு வீடு இருந்த இடத்தில் இப்போது எட்டு வீடு. கீழே கார், மேலே குடித்தனம். எட்டு வீடு என்றால் எனக்கு எட்டு மடங்கு துணி வரவேண்டும் அல்லவா? வரவில்லை. கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் மாடிக்கு விடுவதில்லை. அவர் வேலை அது. துணியைச் செயலியில் பதிந்தால் வந்து எடுத்துப்போகும் நிறுவனங்கள் வந்துவிட்டன. 2020-க்குப் பிறகு பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள், டி-ஷர்ட்டுக்கு மடிப்பு வேண்டாம். முன்பு காலை எட்டரை மணிக்குள் முப்பது சட்டை கொடுத்தாக வேண்டும், வங்கிக்காரர்களும் ஏஜிஎஸ் என்கிற அரசுக் கணக்குத் தணிக்கை ஆபீஸ்காரர்களும் வாசலில் பனியனோடு நின்று திட்டுவார்கள். அந்தத் திட்டு இன்று கிடைக்காதா என்று இருக்கிறது.

கடைகளும் மாறின. மாவு மில் மூடியது. மாவு மில் போனதும் அதையொட்டி இருந்த மளிகைக்கடையில் கூட்டம் குறைந்தது. சைக்கிள் ரிப்பேர், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர், வாடகை நூலகம், நாலு மாடு வைத்துப் பால் கறந்த வீடு எல்லாம் போய்விட்டன. அந்த இடங்களில் பல் மருத்துவமனை, ரத்தப் பரிசோதனை நிலையம், கைத்தறிச் சேலை பொட்டிக், கண்ணாடிக் கதவு போட்ட காபிக் கடை. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019-ல் நடைமுறைக்கு வந்தது. இருவரும் ஒப்புக்கொண்ட வாடகைதான் வாடகை என்று ஆனதும் சின்னக் கடைக்காரரால் ஒப்புக்கொள்ள முடியாத தொகைகள் வந்தன. இது தங்கள் அதிகாரத்துக்குள் வராது, தெரியும். கடைக்குள் வாடகை கொடுக்க முடியாதவர் கடைசியில் தெருவுக்குத்தான் வருகிறார் என்பதற்காகச் சொன்னேன். தெருவிலும் இடமில்லை என்றால் அதற்கப்புறம் எங்கே போவார்?

நடைபாதை நடக்கிறவர்களுக்கு. அதை நாங்கள் மறுக்கவில்லை. வண்டிகளுக்கு நடுவே வயதானவர்கள் இறங்கி நடப்பதை நாள் முழுக்கப் பார்க்கிறவர்கள் நாங்கள்தான், விழுந்தவரைத் தூக்குகிறவர்களும் நாங்கள்தான். ஆனால் எங்கள் தெருவில் பாதையை அடைப்பது என்ன என்று ஒரு நாள் அளந்து பார்த்தோம். என் வண்டி ஆறடி நீளம், மூன்றடி அகலம். எதிர் வரிசையில் கார் ஏறுவதற்காகப் பிளாட்பாரத்தின் மேல் சிமெண்டு போட்டு இழுத்த சாய்தளங்கள் மட்டும் மொத்தம் எழுபத்திரண்டு அடி. ஜெனரேட்டர் பெட்டி, பூந்தொட்டி, காபிக் கடைக்கு வரும் இருசக்கர வண்டிகள் தனி. அவற்றை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லிக் கேட்டதில்லை. கட்டட விதிப்படி சாய்தளம் மனைக்குள் இருக்க வேண்டும் என்றால் அங்கேயே இருக்கட்டும். எங்களுக்குச் சொல்லும் அளவை அவர்களுக்கும் சொல்லுங்கள்.

சட்டம் எங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது என்று மகள் காட்டினாள். தெருவோர வியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் தெருவோர வியாபாரத்தை ஒழுங்குபடுத்துதல்) சட்டம், 2014. இந்தச் சட்டப்படி அமைக்கும் நகர விற்பனைக் குழு, தெருவோர வியாபாரிகளை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ கூடாது. மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இதெல்லாம் சங்கத்துக்காரர்கள் மேடையில் சொல்லிக் கேட்டவைதான். நான் புதிதாகத் தெரிந்துகொண்டது மூன்று.

தெருவோர வியாபாரி என்றால் பொருள் விற்பவர் மட்டும் இல்லை, பொதுமக்களுக்குச் சேவை தருபவரும்தான் என்று சட்டத்தின் விளக்கப் பிரிவிலேயே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் கணக்கெடுப்புப் படிவத்தோடு வந்த ஒரு தம்பி, "நீங்க என்ன விக்கிறீங்கண்ணே?" என்று கேட்டார். "ஒண்ணும் விக்கலப்பா, தேய்க்கிறேன்" என்றேன். அப்படியானால் இதில் வராது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இஸ்திரி, செருப்புத் தைப்பு, பூட்டுச் சாவி, குடை ரிப்பேர் செய்கிற எல்லோருக்கும் இது நடந்திருக்கும்.

அடுத்தது, தானாக உருவாகி ஐம்பது ஆண்டுக்கு மேல் நடக்கும் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்று சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறதாம். தெற்கு மாட வீதிக் காய்கறி வரிசை என் அப்பாவின் சிறு வயதிலேயே இருந்தது. மாவடு வரும் மாசம், மாகாளிக் கிழங்கு வரும் மாசம், மொச்சை உரிக்கும் மாசம் என்று இந்த ஊர் நாள் கணக்கு வைப்பதே அந்த வரிசையைப் பார்த்துத்தான். பங்குனியில் கபாலீசுவரர் கோயில் அறுபத்து மூவர் விழா அன்று லட்சக்கணக்கில் ஜனம் திரள்கிறதே, அத்தனை பேருக்கும் பூவும் விசிறியும் பொரியும் கண்ணாடிக் கதவுக்குள்ளிருந்து வருவதில்லை.

மூன்றாவது, புதிய கட்டமைப்புத் திட்டங்களால் பிழைப்புக்கு வழி உருவாகும்போது இடம் பெயர்ந்த வியாபாரிகளுக்கு அதில் பங்கு இருக்க வேண்டும் என்பதும் அதே அட்டவணையில் உள்ளது. மெட்ரோ நிலையத்தின் வாசல்கள் திறக்கும்போது இது எங்களுக்குப் பொருந்தும் அல்லவா?

ஒரே ஒரு கெஞ்சல். கட்டடம் கட்டி மாடியில் ஏற்றிவிடாதீர்கள். பாண்டி பஜாரில் 2013-ல் நடைபாதைக் கடைகளை வணிக வளாகத்துக்கு மாற்றினார்கள். 2019-ல் அதே சாலையில் அகலமான நடைபாதை வந்தது. உட்காரப் பெஞ்சு போட்டார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கோயிலுக்குப் போகிற அவசரத்தில் ஒரு முழம் பூ வாங்குகிறவர் படியேறுவாரா? பேண்ட்டை இடுக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு யார் வருவார்? எங்கள் தொழில் காலடியில் நடக்கும் தொழில்.

ஆகவே தாங்கள் தயவு செய்து, தேனாம்பேட்டை மண்டலத்தில் மாட வீதிகளுக்கும் லஸ்ஸுக்கும் உட்பட்ட பகுதியில், சாலைச் சீரமைப்பு வரைபடம் கையெழுத்தாகும் முன்பே தெருவோரத் தொழிலாளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட வேண்டும். தகடு அடித்ததால் தற்காலிகமாக வேறு தெருவுக்குப் போனவர்களைப் பழைய இடத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும். சேவைத் தொழில் செய்பவர்களையும் சேர்க்க வேண்டும். வரைபடத்தில் மரக்குழி குறிப்பது போல எங்கள் இடங்களையும் அடிக்கணக்கில் குறிக்க வேண்டும். ஆறடி அதிகம், நாலடி போதும் என்றால் வண்டியை வெட்டிக்கொள்கிறேன். கரிப்புகை தொந்தரவு என்று மேல் வீட்டில் சொன்னால் அதுவும் நியாயம்தான். அரசு கொடுக்கும் கேஸ் இஸ்திரிப் பெட்டி எங்களில் இன்னும் பல பேருக்கு வரவில்லை. அதற்குரிய துறைக்குத் தாங்கள் ஒரு வரி எழுதினால் புகையும் நிற்கும். தெற்கு மாட வீதிச் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க நகர விற்பனைக் குழுவில் வைக்க வேண்டும். நிலைய வாசல்களில் பூ, பழம், சேவைத் தொழிலுக்கு இடம் ஒதுக்குவது பற்றி மெட்ரோ நிறுவனத்தோடு பேச வேண்டும்.

பெண்கள் தனியாக ஒன்று எழுதச் சொன்னார்கள். காலை ஐந்து மணிக்குக் கோயம்பேட்டிலிருந்து பூ ஏற்றி வந்து இரவு ஒன்பது வரை உட்காருகிறவர்கள், கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. திண்ணை போனதோடு அந்த வழியும் அடைபட்டுவிட்டது. நான்கு மாட வீதிக்குள் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் கழிப்பறை ஒன்றும், கூடை வைத்துப் பூட்ட ஓர் அறையும் வேண்டும். இந்த மனுவில் இதை முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று பூக்காரம்மா கோபித்துக்கொண்டார். அவர் சொல்வது சரிதான்.

இதனுடன் கிராஃப் தாளில் ஒரு வரைபடம் இணைத்திருக்கிறோம். மகளும் காய்க்கடைக்காரர் பையனும் ஞாயிற்றுக்கிழமைகளில் டேப் பிடித்து அளந்து வரைந்தது. யார் எத்தனை அடியில், எந்த நேரத்தில், எத்தனை வருஷமாக இருக்கிறார் என்பது ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கிறது. தங்கள் பொறியாளர்கள் வந்தால் கூடவே நடந்து காட்டுகிறோம்; காலை ஆறு மணி என்றால் எல்லோரும் இருப்போம். வடக்கு மாட வீதியில் சில கட்டங்கள் மட்டும் பென்சிலில் இருக்கும். அவை காஞ்சிபுரத்திலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் கொலு பொம்மை கொண்டு வருகிறவர்களுக்கு. அவர்கள் புரட்டாசியில்தான் வருவார்கள், அதனால் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இஸ்திரி வண்டித் தொழிலாளி
மற்றும் இணைப்பில் கையொப்பமிட்டுள்ள மாட வீதித் தொழிலாளர்கள்

இடம்: மயிலாப்பூர்

இணைப்பு: கையால் வரைந்த வரைபடம், கையொப்பத் தாள்கள்