வரி ஏட்டில் ஒரு சிவப்புக் கோடு

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ். புதிதாகப் பொறுப்பேற்று பங்கின் கணக்கு ஏடுகளைப் பார்வையிட்ட தாங்கள், கோவில் செலவுக்காகப் பங்குக் குடும்பங்கள் கட்டும் குடும்ப வரியின் ஏட்டில் 2024 டிசம்பரோடு சிவப்பு மையில் ஒரு கோடு இழுக்கப்பட்டிருப்பதையும், அதற்கு முந்தைய நிலுவைகள் புது ஏட்டுக்குக் கொண்டுவரப்படாததையும் சுட்டிக்காட்டிக் காரணம் கேட்டீர்கள். அந்தக் கோட்டைப் போட்டவன் அப்போது பொருளாளராக இருந்த நான்தான். பங்கு மக்களுக்கும் இதைப் பற்றி அரைகுறையாகவே தெரியும் என்பதால், எல்லாரும் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன்.

திருச்சபை இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை அருளின் ஆண்டாகக் கொண்டாடும் யூபிலி ஆண்டு மற்றப் பங்குகளில் தொடங்கியதுபோலத்தான் இங்கும் தொடங்கியது. 2024 டிசம்பர் 29 அன்று பேராலயத்தில் ஆயர் தொடக்கத் திருப்பலி நிறைவேற்றினார். மறுவாரமே ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என்று பெரிய எழுத்தில் ஃபிளக்ஸ் வைத்தோம். 2015 டிசம்பரில் தொடங்கிய இரக்கத்தின் சிறப்பு யூபிலி ஆண்டில் மறைமாவட்டந்தோறும் புனிதக் கதவு (யூபிலிக் காலத்தில் திருப்பயணிகள் நுழையும் வாசல்) திறக்கப்பட்டதை நினைவில் வைத்திருந்த இளைஞர்கள், நம் கோவில் வாசலிலும் ஒன்றை அமைக்க வேண்டுமென்று தெர்மோகோல் வாங்கிவிட்டார்கள். இம்முறை உரோமையின் நான்கு பெருங்கோவில்களிலும், திருத்தந்தை பிரான்சிஸ் டிசம்பர் 26 அன்று நேரில் போய்த் திறந்துவைத்த ரெபிபியா சிறையிலும் மட்டுமே புனிதக் கதவு உண்டு என்று முந்தைய பங்குத்தந்தை விளக்கியபோது அவர்கள் முகம் வாடிவிட்டது. (வாங்கிய தெர்மோகோல் வீணாகவில்லை, அடுத்த கிறிஸ்துமஸ் குடிலுக்கு மலையாகிவிட்டது.) தவக்காலத்தில் இரண்டு பேருந்துகளில் பேராலயத்துக்குத் திருப்பயணம் போய்வந்தோம். போகும்போது செபமாலை, திரும்பும்போது பாட்டுக்குப் பாட்டு.

பேருந்தில் வர இயலாதவர்களிடமிருந்துதான் சிக்கல் தொடங்கியது. நோயாளிகளும் முதியோரும் வீட்டிலிருந்தே விசுவாசப் பிரமாணத்தையும் ‘விண்ணுலகில் இருக்கிற’ செபத்தையும் சொல்லி, தங்கள் துன்பத்தை ஒப்புக்கொடுத்து நிறைபேறுபலன் (பாவத்துக்குரிய தற்காலிகத் தண்டனையிலிருந்து முழு விடுதலை) பெறலாம் என்றும், அவர்களைச் சந்திக்கப் போகிறவர்களுக்கும் அது கிடைக்கும் என்றும் உரோமையின் நெறிமுறையில் இருந்ததால், எங்கள் அன்பியத்தார், அதாவது அக்கம்பக்கத்துப் பங்குக் குடும்பங்களின் குழுவினர், படுக்கையில் கிடந்தவர்களை வீடு வீடாகப் பார்க்கப் போனோம். ஒரு வீட்டில் எண்பதைக் கடந்த பாட்டி ஒருவர், அவர் பழைய வழக்கப்படி ‘பரிபூரண பலன்’ என்றே சொன்னார், எங்களோடு சேர்ந்து செபித்து முடித்ததும் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். பற்களால் கடித்து அவிழ்த்ததில் மடித்து மடித்து வைத்த மூன்று நூறு ரூபாய் நோட்டுகள் இருந்தன. “வரி பாக்கி கொஞ்சமாவது அடையட்டும், தம்பி. இல்லேன்னா கல்லறைத் தோட்டத்துல இடம் கிடையாதுன்னு சொல்லிருவீங்களே” என்றார்.

நாங்கள் யாருக்கும் அடக்கத்தை மறுத்ததில்லை, தந்தையே. இதை நான் எங்கும் சொல்வேன். ஆனால் நிலுவைக்காரர்களின் பெயரை எழுதி கோவில் முகப்பில் பலகை வைத்தோம். மகளின் திருமணத்துக்கு ஓலை (கோவிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) கேட்டு வந்தவர்களிடம் முதலில் ஏட்டைத் திறந்து காட்டினோம். ஏட்டைத் திறந்தவனும் நானே. பாட்டியின் அச்சம் எங்கிருந்து வந்தது என்று நான் யாரிடமும் போய்க் கேட்கவேண்டியதில்லை.

இதைக் கேட்ட முந்தைய பங்குத்தந்தை, அடுத்த பங்குப்பேரவைக் கூட்டத்தில் விற்ற நிலம் யூபிலி ஆண்டில் உரியவனிடம் திரும்புவதைச் சொல்லும் லேவியர் 25ஆம் அதிகாரத்தையும், கடன்களைத் தள்ளிவிடச் சொல்லும் இணைச்சட்டம் 15ஆம் அதிகாரத்தையும் வாசித்தார். ஏழை நாடுகளின் கடனைச் செல்வ நாடுகள் மன்னிக்க வேண்டுமென்று யூபிலியை அறிவித்த மடலிலேயே திருத்தந்தை கேட்டிருக்கிறார் என்று நினைவூட்டிவிட்டு, “நம்மிடமும் ஒரு கடன் ஏடு இருக்கிறதே” என்றார். முதலில் எதிர்த்தவனும் நான்தான். கோவில் பணியாளரான கோவில்பிள்ளையின் சம்பளம், மின்கட்டணம், திருவிழாச் செலவு என்று வரிசையாகக் கேட்டேன். “அப்படியானால் ஒழுங்காகக் கட்டியவன் முட்டாளா?” என்று இன்னொருவர் எழுந்தார். கடைசியில் வந்தவனுக்கும் முழுக் கூலி கிடைத்த திராட்சைத் தோட்ட வேலையாள்களின் உவமையைத் தந்தை எடுத்துக்காட்டியும் கோபம் தணியவில்லை. கூட்டம் இருமுறை முடிவில்லாமல் கலைந்தது.

2025 ஏப்ரல் 21, பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) மறுநாள், திருத்தந்தை பிரான்சிஸ் இறந்த செய்தி வந்தது. துக்க மணி அடித்துத் திருப்பலி முடிந்த மாலையில், அவர் கேட்டதை ஒருமுறையாவது செய்து பார்ப்போமே என்று கூட்டத்தில் எதிர்த்தவர்களுள் ஒருவரே சொன்னார். மே மாதக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது: 2024 முடிய உள்ள நிலுவை அனைத்தும் தள்ளுபடி, யாருக்கு எவ்வளவு என்று பலிபீடத்திலிருந்தோ பலகையிலோ அறிவிப்பதில்லை, கட்ட விரும்புகிறவர் கொடுக்கும் பழைய தொகை ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபைக்குச் சேரும். பாட்டியின் முந்நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார். அதுவும் சபைக்குத்தான் போயிற்று.

அதற்குப் பிறகு வரி வசூல் பெருகவில்லை, பெரிதாகக் குறையவும் இல்லை. ஆண்டுக்கணக்கில் கோவில் பக்கம் வராத சில குடும்பங்கள் வரத் தொடங்கின. வந்தாலும் கடைசித் தூணுக்கு அருகில்தான் நிற்கிறார்கள். ஒழுங்காகக் கட்டிவந்தவர்களில் இருவர் இன்றும் என்னோடு பேசுவதில்லை.

2026 ஜனவரி 6 அன்று புனித பேதுரு பெருங்கோவிலின் புனிதக் கதவைத் திருத்தந்தை பதினான்காம் லியோ மூடினார். யூபிலி முடிந்ததே, பலகையைத் திரும்ப வைக்கலாமே என்று தங்களிடம் சிலர் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள் என நினைக்கிறேன். பங்கின் செலவுக்கு வழி காண வேண்டும் என்ற அவர்கள் கவலை நியாயமானது. அதற்கு ஏதாவது ஏற்பாடு வேண்டும்தான். பலகையை மட்டும் வைக்க வேண்டாமென்று தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அது திருவுடைகள் வைக்கும் அறையான சக்ரீஸ்துக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. பழைய ஏடு கீழ்த்தட்டில் இருக்கிறது; அலமாரிச் சாவி கோவில்பிள்ளையிடம் உள்ளது.

இயேசுவில் அன்புடன்,
பங்குப்பேரவையின் முன்னாள் பொருளாளர்