பெஞ்ச் பழைய இடத்துக்கு வந்த கதை

நங்கநல்லூர், சென்னை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அணு உலைகளைச் சோதிக்கிற அரசாங்க வேலையை விட்டுவிட்டு ஒரு தனியார் அணு உலைக் கம்பெனிக்குப் போகட்டுமா என்று நீ கேட்டதும் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்லை. போனில் பேசினால் நீ அவசரப்படுவாய், எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு மடங்கு சம்பளம் என்கிறாய். அப்பாவுக்குச் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. லெவல் 10, அடிப்படைச் சம்பளம் 56,100 என்று உன் முதல் ஆர்டரைக் கோயில் குருக்கள் வரைக்கும் காட்டிவிட்டு வந்தவர் இல்லையா? அந்தத் தொகை இன்றைக்கு மும்பையில் எதற்குக் காணும் என்று அவரே இப்போது கேட்கிறார். பணத்துக்காகப் போகாதே என்று சொல்ல எனக்கும் வாயில்லை. அரசு ஆஸ்பத்திரியில் தற்காலிகமாகக் கிடைத்த எக்ஸ்ரே டெக்னீஷியன் வேலையை விட்டுத் தனியாருக்குப் போனேனே, மாதம் 400 ரூபாய் அதிகம் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. அந்த 400 உன் பள்ளிக்கூட ஃபீஸ்.

ஆனால் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றை உனக்கு நான் முழுசாகச் சொன்னதே இல்லை.

எங்கள் எக்ஸ்ரே ரூம் கதவை ஒட்டியே வராந்தாவில் ஒரு மர பெஞ்ச் கிடக்கும். காத்திருப்பவர்கள் அதில்தான் உட்காருவார்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாரும். ஒருநாள் அரசாங்கத்திலிருந்து ஆய்வுக்கு ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் துணிப்பை. ஒரு பிளாஸ்டிக் கேன் நிறையத் தண்ணீர் பிடித்துவரச் சொல்லி, நோயாளி படுக்கிற மேசைமேல் வைத்தார். "இதுதான் உங்க பேஷன்ட், சுடுங்க" என்றார். நான் எக்ஸ்போஷர் கொடுக்கக் கொடுக்க, அவர் வெளியே கதவிடுக்கில், கதிர்வீச்சை அளக்கிற சர்வே மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீரில் பட்டுச் சிதறி வருவது எவ்வளவு என்று அளக்கத்தான் அந்த கேன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கதவும் நிலையும் சேருகிற இடத்தில் முள் துள்ளியது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் குனிந்து, பெஞ்சில் உட்கார்ந்தால் தலை எந்த உயரத்துக்கு வருமோ அங்கேயும் அளந்தார்.

என் மேஜை டிராயரைத் திறந்து, உள்ளே கிடந்த பேட்ஜை எடுத்து என் கையில் கொடுத்தார். எங்கள்மேல் எவ்வளவு கதிர்வீச்சு படுகிறது என்று பார்க்க, வேலை நேரத்தில் உடம்பில் குத்திக்கொள்ள வேண்டிய பேட்ஜ் அது. "இது டிராயருக்கு எவ்வளவு டோஸ்னு சொல்லும்மா, உனக்கு எவ்வளவுன்னு சொல்லாது." வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து ஒருநாள்கூடப் பேட்ஜ் இல்லாமல் நான் அறைக்குள் போனதில்லை.

கதவுக்கு ஈயத் தகடு அடித்தார்கள். பெஞ்ச் வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போனது.

அன்று சாயங்காலம் மேனேஜர் அவருக்குக் காபி வரவழைத்தார். அவர் தொடவில்லை. "சார், தப்பா நினைக்காதீங்க, உங்களுக்கு என்ன தர்றாங்க?" என்று மேனேஜர் கேட்டபோது நான் ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். அவர் சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அதே மனிதர் வந்தார். இந்த முறை எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆலோசகராக. காபியும் குடித்தார். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாகச் சொன்னார். நான் அவரைக் குறை சொல்லவில்லை பாப்பா, மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு யாரும் வீரம் பேச முடியாது. அவர் வந்த பிறகு எங்கள் ஃபைல்கள் பளிச்சென்று இருந்தன. எந்தப் படிவத்தில் எதைக் கேட்பார்கள், எதைக் கேட்க நேரமிருக்காது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இடப் பற்றாக்குறை என்று பெஞ்ச் மறுபடியும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. நான் ரிடையர் ஆகும்வரை அந்தக் கதவுக்கு மீட்டரோடு வேறு ஒருவரும் வந்து நான் பார்க்கவில்லை.

2012-ல் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை வந்தது ஞாபகமிருக்கிறதா? நாட்டிலிருந்த 57,443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களில் 5,270 மட்டுமே உங்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவாகியிருந்தன என்று அதில் இருந்தது. மீதி 52 ஆயிரத்துச் சொச்சம் கணக்கிலேயே இல்லை. பேப்பரில் படித்ததும் எனக்கு அந்த பெஞ்ச்தான் ஞாபகம் வந்தது.

உன் வேலை எக்ஸ்ரே ரூம் இல்லை, அணு உலை. அதை நினைத்தால் இன்னும் கலக்கமாக இருக்கிறது. இதுநாள்வரை உலையை நடத்துகிறவரும் அரசாங்கம், சோதிக்கிறவரும் அரசாங்கம். சம்பளம் ஏறக்குறைய ஒரே தட்டு. அதில் வேறு கோளாறுகள் உண்டு என்று நீயே சொல்வாய். 1983-ல் வெறும் அரசாணையில் பிறந்த வாரியம் யாரைத் தட்டிக் கேட்கும் என்று எத்தனை வருஷப் பேச்சு! ஆனால் காசைக் காட்டி ஆளை இழுக்க எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. 2025 டிசம்பரில் வந்த புதுச் சட்டம் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது, சரி. அதே சட்டம் தனியாருக்கும் கதவைத் திறந்துவிட்டது. அவர்களுக்கு ஆள் வேண்டும், உடனே வேண்டும். எட்டு வருஷம் அரசாங்கச் செலவில் பழகிய ஆள் என்றால் கசக்குமா? சம்பளக் கமிஷன் பத்து வருஷத்துக்கு ஒருமுறை அசைகிற தேர். அவர்களுக்கு ஒரு மெயில் போதும்.

போன தடவை கல்பாக்கம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது இங்கிலாந்துக் கதை சொன்னாயே. அங்கே அணுப் பாதுகாப்பு ஆய்வாளர்களுக்கு ஆகும் செலவில் பெரும்பகுதியை உலை நடத்துகிறவர்களிடமே கட்டணமாக வசூலித்துவிடுகிறார்கள், 2014-ல் அந்த அமைப்பைத் தனிப் பொது நிறுவனமாகவே ஆக்கிவிட்டார்கள் என்று. கட்டணம் கொடுக்கிறவனையே சோதிப்பதா என்று நான் இழுத்தேன். "கொடுத்தாலும் உத்தரவு போடுவது அவன் இல்லம்மா" என்று சிரித்தாய். அந்த மாதிரி ஏதாவது இங்கே வந்தால் நல்லதுதான். ஆனால் அது வரும்வரை உன் வீட்டுக் கடன் காத்திருக்காதே.

உன்னிடம் இரண்டு கேள்வி. நீ கையெழுத்துப் போட்ட ஃபைல் எதுவும் அந்தக் கம்பெனியினுடையதா? ஆமாம் என்றால் அங்கே மட்டும் வேண்டாம், வேறு எங்கே போனாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். இன்னொன்று, உன்னோடு கல்பாக்கம் வந்த அந்தச் சின்னப் பையன், பைப் வெல்டிங் ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தான் என்று சிரித்தாயே, அவன் தனியாகப் போய்ப் பார்க்கிற அளவுக்குத் தேறிவிட்டானா?

அப்பாவின் எஃப்.டி. ஒன்று மார்ச்சில் முடிகிறது. எங்களுக்கு இப்போதைக்கு அது தேவையில்லை. கடன் பாக்கி எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, குழந்தை ஸ்கூலுக்கு எவ்வளவு என்று மாப்பிள்ளையை ஒரு பேப்பரில் எழுதி அனுப்பச் சொல். கம்பெனிக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் அனுப்பு. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

அம்மா