கல்லாற்றுப் பாலத்தடியில் உதவின காக்காவுக்கு (முஸ்லிம் அண்ணனுக்கு)

போன ஞாயிறு பின்நேரம் கோட்டைக்கல்லாற்றுப் பாலத்தடியில், எஞ்சின் பூட்டின சைக்கிளோடு குந்தியிருந்த ஆள் நான்தான். நீங்கள் கல்முனைப் பக்கம் போய்க்கொண்டிருந்தீர்கள். பேர் கேட்க மறந்துபோனேன்.

புல்லு வெட்டும் மெசினின் 43 சிசி எஞ்சின் அது. பின்சில்லின் பல்லுச்சக்கரம் 5 மில்லிமீற்றர் தகட்டில் நானே கிரைண்டரால் வெட்டியது, 44 பல். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆனால் செயின் மூன்றாம் தடவையும் கழன்று கம்பிக்குள் சிக்கிவிட்டது. செயின் விற்றவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

"செயினில பிழையில்ல மகன், சக்கரம் நடுவில நிக்கல்ல" என்றீர்கள். சைக்கிளைக் கவிழ்த்து, ஒரு ஈர்க்கிலைச் சட்டத்தில் கட்டி, நுனி பல்லைத் தொடும்படி வைத்துச் சில்லை மெதுவாகச் சுற்றினீர்கள். ஒரு பக்கம் உரசியது. மறுபக்கம் நெல்லுமணி நுழையும் இடைவெளி. அவ்வளவு கோணல்! மஃரிபுத் தொழுகைக்கு நேரமாகுது என்று சொல்லிச் சொல்லியே நட்டுகளை இளக்கி, தட்டி, எதிரெதிராக இறுக்கினீர்கள். செயினில் அரை அங்குலம் தொய்வு விடச் சொன்னதும் நீங்கள்தான்.

காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டீர்கள். களுவாஞ்சிகுடி வரைக்கும் ஒருதரமும் கழலவில்லை. உங்கட பத்தாம் நம்பர் நட்டுச் சாவி என்னிடம் இருக்கு காக்கா. வாற ஞாயிறும் அதே பாலத்தடியில் நிற்பேன்.