ஆந்தைக் கடையைப் பிடித்தீர்கள், மானின் பல்லை விட்டுவிட்டீர்கள்

டிஸ்னி தொலைக்காட்சித் தொடர்களில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று முடிவு செய்யும் துறையினருக்கு,

வணக்கம்.

2022 ஜூன் மாதம் உங்கள் அலுவலகக் கடிதங்கள் சில சந்திக்கு வந்தன. ‘கிராவிட்டி ஃபால்ஸ்’ கார்ட்டூன் தொடர் தொடங்கிப் பத்து ஆண்டுகள் நிறைவதை ஒட்டி, அதை உருவாக்கிய அலெக்ஸ் ஹிர்ஷ், நீங்கள் அனுப்பிய ஆட்சேபங்களையும் தாம் எழுதிய பதில்களையும் ஒரு வீடியோவாகத் தொகுத்து வெளியிட்டார். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் சிரிப்பு அடங்கியதும் எரிச்சல்தான் மிஞ்சியது.

அந்தக் கடிதங்களில் மிகவும் பிரபலமானது பீட்சா கடை விவகாரம். ஸூஸ் என்ற வெள்ளந்தியான இளைஞன் ஒரு பெண்ணைச் சந்திக்கப் போகும் அத்தியாயம் அது. இயந்திர ஆந்தை ஆடிப்பாடும் அந்தக் கடையின் பெயரில் ‘ஹூ-ஹா’ என்று வருகிறது. ஆந்தை வேறு எப்படிக் கத்தும்? நீங்களோ, அது பெண்ணுறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல், மாற்றுங்கள் என்று எழுதினீர்கள். இது ஆந்தைக் கடை, சூழலைப் பார்த்தாலே புரியும், மாற்றமாட்டேன் என்று அவர் பதில் எழுதினார். பெயர் அப்படியே நின்றது. எந்தக் குழந்தைக்கும் தோன்றாத ஆபாசம், குழந்தைகளைக் காப்பாற்றச் சம்பளம் வாங்கும் பெரியவருக்குத் தோன்றியிருக்கிறது!

தொடரைப் பார்க்காதவர்களும் இந்த மடலைப் படிக்கக்கூடும் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிப்பர், மேபல் என்ற பன்னிரண்டு வயது இரட்டையர்கள் கோடை விடுமுறைக்கு ஓரிகன் மாநிலத்துக் காட்டோர ஊர் ஒன்றுக்கு அனுப்பப்படுகிறார்கள். அங்கே அவர்களின் தாத்தா முறை உறவினர் ஸ்டான், பொய்யான அதிசயப் பொருள்களைக் காட்டிச் சுற்றுலாப் பயணிகளின் காசைக் கறக்கிறார். அவருடைய கடைக்குள் இருப்பதெல்லாம் போலி. வெளியே காட்டில் இருக்கும் பேயும் பூதமும் அசல். 2012 முதல் 2016 வரை நாற்பது அத்தியாயங்கள் ஓடிய தொடர் அது. சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டதாகக் கருதி ஹிர்ஷே கதையை முடித்துக்கொண்டார்.

இந்தத் தொடரின் வில்லன் பில் சைஃபர். ஒற்றைக் கண், தலையில் தொப்பி, கழுத்தில் ‘போ’ டை அணிந்த மஞ்சள் முக்கோணம். அவன் முதன்முதலாக நேரில் வரும் அத்தியாயத்தில், பக்கத்தில் நிற்கும் ஒரு மானின் பற்களை எல்லாம் ஒரே நொடியில் உருவி, எதிரே நிற்கும் சிறுவனின் கையில் பரிசாகக் கொட்டுகிறான். கடைசி அத்தியாயங்களில், ஊர்ப் பணக்காரர் ஒருவரின் முகத்தில் உள்ள துளைகளின் வேலைகளை எல்லாம் இடம் மாற்றிவைக்கிறான். அந்த முகத்தை இரண்டு விநாடிக்கு மேல் பார்க்க என்னால் முடியவில்லை. என் அண்ணன் மகள், அப்போது அவளுக்கு ஒன்பது வயது, “இன்னொரு தடவை போடுங்க சித்தப்பா” என்றாள். இவை இரண்டும் உங்கள் மேசையைக் கடந்துதான் திரைக்கு வந்தன.

வந்தது தவறு என்று நான் சொல்லவில்லை. நல்ல பயத்தைக் குழந்தைகள் தாங்குவார்கள், ரசிக்கவும் செய்வார்கள். பல்லைப் பிடுங்குவதை அனுமதிக்கத் தெரிந்த உங்களுக்கு ஆந்தையின் கூவலை அனுமதிக்கத் தெரியாமல் போனது எப்படி என்பதுதான் கேள்வி. எனக்குத் தோன்றும் விடை இதுதான்: நீங்கள் கதையைப் பார்ப்பதில்லை, புகார் வரக்கூடிய சொற்களைத் தேடுகிறீர்கள். குழந்தைக்கு எது கெடுதல் என்பதைவிட, எந்தப் பெற்றோர் எதற்காகக் கடிதம் எழுதுவார் என்பதே உங்கள் கவலை.

வேடிக்கை என்னவென்றால், உங்களுக்கான பதில் அந்தத் தொடருக்குள்ளேயே இருக்கிறது. உலகம் அழியும் கடைசிக் கதையில் மேபலை பில் ஒரு மாயக் குமிழிக்குள் அடைத்துவைக்கிறான். கம்பிச் சிறை இல்லை, இருட்டறை இல்லை. எங்கும் இளஞ்சிவப்பு, பேசும் பொம்மைகள், கோடை முடியவே முடியாத ஊர். அங்கே அவளுக்கென்று ஒரு மாற்றுச் சகோதரன்கூட உண்டு. தொப்பியைப் பின்பக்கமாகப் போட்டுக்கொண்டு, எதற்கும் மறுத்துப் பேசாமல், எல்லாவற்றுக்கும் கை தட்டும் ‘டிப்பி ஃப்ரெஷ்’. அந்த ஊருக்கு ஒரே ஒரு சட்டம்: நிஜ உலகத்தைப் பற்றி யாரும் பேசக்கூடாது. உண்மையான டிப்பர் அதை மீறுகிறான். உடனே பூனை முகம் கொண்ட நீதிபதியின் முன்னால் வழக்கு நடக்கிறது. மேபல் அந்தக் குமிழிக்குள் போனதே, பதின்பருவம் எவ்வளவு கொடுமையாக இருக்கும் என்று கேள்விப்பட்டுப் பயந்ததால்தான். அவளுக்கு டிப்பர் பொய்யான ஆறுதல் எதுவும் சொல்வதில்லை. வளர்வது கஷ்டம்தான், ஆனால் சேர்ந்து சமாளிக்கலாம் என்கிறான். பள்ளிக்கூடத்தில் பட்ட அவமானங்களை, ஒட்டவைக்கப்பட்ட சிரிப்பு இல்லாமல், உள்ளபடி நினைவுபடுத்துகிறான். அதைக் கேட்ட பிறகுதான் குமிழி உடைகிறது.

கசப்பான எதையும் பேசக்கூடாது என்று சட்டம் போட்ட ஊரைக் கட்டியவன், இந்தக் கதையில், பேய்.

இன்னொன்றும் உண்டு. தொடரின் முதல் பருவத்தில் (சீசனில்), ஸ்டானின் கடையில் வேலை பார்க்கும் வெண்டியும் அவளுடைய பதின்வயது நண்பர்களும், மூடிக் கிடக்கும் ஒரு பழைய மளிகைக் கடைக்குள் நுழைகிறார்கள். டிப்பரும் மேபலும் கூடவே போகிறார்கள். அந்தக் கடையை நடத்திய முதிய தம்பதி, பதின்வயதினரின் ராப் பாட்டு வரிகளைக் கேட்டு அதிர்ந்து, இருவரும் ஒரே நேரத்தில் மாரடைப்பில் செத்துப்போனவர்கள். ஆவியான பிறகும் கோபம் தீரவில்லை. விடலைகள் செய்யும் சாதாரணச் சேட்டை ஒவ்வொன்றுக்கும் ஒருவரைத் தண்டிக்கிறார்கள். செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தவளைக் கண்காணிப்புத் திரைக்குள் தள்ளுகிறார்கள், இன்னொருவனை வீடியோ கேமுக்குள் அடைக்கிறார்கள். “நான் இன்னும் டீனேஜர் இல்லை” என்று டிப்பர் ஒப்புக்கொண்ட பிறகுதான் அவர்களின் மனம் இளகுகிறது, அதுவும் அவன் ஆட்டுக்குட்டி நடனம் ஆடிக்காட்டிய பிறகு. உங்கள் துறையை இதைவிடத் துல்லியமாக யாரும் கேலிச்சித்திரம் வரைந்துவிட முடியாது. அதற்கும் நீங்களே ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள் என்பதை நினைத்தால் உங்கள் மீது சற்றுப் பிரியம்கூட வருகிறது.

அந்தப் பிரியம் நிலைக்காமல் போவதற்குக் காரணம் 2014இல் ஒளிபரப்பான காதல் தெய்வம் பற்றிய அத்தியாயம். உணவகம் ஒன்றில் அந்தத் தெய்வம் தன் சக்தியால் ஆட்களை ஜோடி சேர்க்கும் காட்சி. காட்சிகளை முன்கூட்டியே வரைந்துபார்க்கும் ஓவியப் பலகையில் (ஸ்டோரிபோர்டில்) இரண்டு மூதாட்டிகள் ஒருவர் மீது ஒருவர் காதல் கொள்வதாக வரைந்திருந்தார்கள். உங்கள் எதிர்ப்பால் திரைக்கு வந்தபோது அந்த இடத்தில் ஓர் ஆணும் பெண்ணும். அந்தப் பலகையைப் பிற்பாடு ஹிர்ஷ் வெளியிட்டார். இரண்டு பாட்டிகள் சிரித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்ப்பதில் யாருக்கு என்ன கேடு வந்துவிடும்? மான் பல்லுக்குக் கிடைத்த இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பீட்சா கடையின் பெயரைப் பற்றி நாம் சேர்ந்து சிரிக்கலாம், இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

ஆறே ஆண்டுகளில் உங்கள் சேனலிலேயே காட்சி மாறியது. கிராவிட்டி ஃபால்ஸில் பணியாற்றிய டானா டெரஸ் உருவாக்கிய ‘தி ஆவுல் ஹவுஸ்’ 2020 ஜனவரியில் தொடங்கியது. அதில் லூஸ் என்ற பதினான்கு வயதுப் பெண்ணும் அமிட்டி என்ற பெண்ணும் காதலிக்கிறார்கள், கதையின் நடுநாயகமாகவே. வானம் இடிந்து விழவில்லை. (இதிலும் ஆந்தைதான். உங்களுக்கு ஆந்தை ராசி சரியில்லை போலும்.) கிராவிட்டி ஃபால்ஸிலும்கூட, ஷெரிஃப் பிளப்ஸும் அவருடைய உதவியாளர் டர்லண்டும் கடைசி அத்தியாயத்தில் தங்கள் காதலை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். நாற்பது அத்தியாயம் காத்திருந்து, கதவு மூடும் நேரத்தில், ஒற்றை வரியில்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. மூன்றாம் பருவம் வேண்டாம். முடிந்த கதையைத் தோண்டி எடுக்க வேண்டாம். அந்த இரண்டு மூதாட்டிகளின் காட்சியை மட்டும், வரைந்தபடியே அனிமேஷன் செய்து, உங்கள் ஓடிடி தளத்தில் அந்த அத்தியாயத்துக்குள் சேர்த்துவிடுங்கள். சில விநாடி வேலைதான். பலகை ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கிறது, ஹிர்ஷும் மறுக்கமாட்டார் என்றே நம்புகிறேன். அடுத்ததாக ஒரு விசித்திர ஊரின் கதையைத் தூக்கிக்கொண்டு யாராவது உங்கள் கதவைத் தட்டினால், ஆட்சேபக் கடிதத்தைத் தட்டச்சு செய்வதற்கு முன் அத்தியாயத்தை முழுதாக ஒருமுறை பாருங்கள். முடிந்தால் பக்கத்தில் ஒன்பது வயதுக்காரர் ஒருவரையும் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பல்லையும் பாட்டிகளையும் பார்க்க விரும்பும் ஒரு சித்தப்பா