நெட் போனால் திருட்டு ஆகிவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையச் செஸ் போட்டிகளில் நடக்கும் ஏமாற்று வேலை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏமாற்று நடக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2021-இல் கொரோனா நிவாரண நிதிக்காக நடந்த காட்சி ஆட்டத்தில் தொழிலதிபர் நிகில் காமத், விஸ்வநாதன் ஆனந்தையே தோற்கடித்தார். கணினி உதவியோடுதான் ஆடினேன் என்று மறுநாளே ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். கையில் இருக்கும் சாதாரண போனில் ஓடும் என்ஜினே, அதாவது சிறந்த நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் செஸ் மென்பொருளே, உலக சாம்பியனை வென்றுவிடும் காலம் இது. ஆசை யாருக்கும் வரலாம்.

ஆனால் தென்காசிப் பக்கம் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, கட்டுரை தொடாத இன்னொரு பக்கம்தான் தினமும் கண்ணில் படுகிறது. ஆட்டத்தின் நடுவே நெட் போன பிள்ளையையும் திருட்டுப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள்.

என்னிடம் படிக்கும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வீட்டிலிருந்தபடி ஒரு ஆன்லைன் ரேபிட் (குறைந்த நேர ஆட்டம்) போட்டியில் ஆடினாள். வெளியே மழை. கரண்ட் போனது, கூடவே வைஃபையும் போனது. அம்மாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அவள் திரும்பி வருவதற்குள் கடிகாரத்தில் ஒன்றரை நிமிடம் ஓடிவிட்டது. வந்ததும் குதிரையை வெட்டுக்கொடுத்து, இரண்டு நகர்வில் எதிராளியின் ராணியைப் பிடித்தாள். வகுப்பில் நாங்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த உத்திதான் அது. அன்று மாலையே போட்டிக்கான வாட்ஸ்அப் குழுவில், "ஒன்றரை நிமிஷம் எங்கே போனாள்?" என்று ஒருவர் ஆரம்பிக்க, பத்துப் பேர் தொடர்ந்தார்கள். இரவு வந்த முடிவுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அவளிடமோ வீட்டாரிடமோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் போன் செய்து கேட்டதற்கு, "துல்லியம் 96 சதவீதம் காட்டுது சார்" என்பதுதான் பதில்.

அந்தச் சதவீதத்தைப் பற்றிப் பெற்றோர்களுக்கும் போட்டி நடத்துபவர்களுக்கும் கொஞ்சம் விளக்க வேண்டும். நாம் ஆடிய நகர்வுகள் என்ஜினின் நகர்வுகளுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பதைத்தான் அது காட்டுகிறது. எதிராளி ஆரம்பத்திலேயே ராணியை இழந்துவிட்டால், அப்புறம் எதை ஆடினாலும் அநேகமாகச் சரியான நகர்வுதான். காய்க்குக் காய் வெட்டுவதெல்லாம் வேறு வழியில்லாத நகர்வுகள். அப்படிப்பட்ட ஒரு குட்டி ஆட்டத்தில் பள்ளிப் பிள்ளை 95-ஐத் தாண்டுவது அதிசயமே இல்லை. அதே பிள்ளை சிப்பாய்கள் எல்லாம் பூட்டிக்கொண்டு நிற்கும் நீண்ட ஆட்டத்தில் எழுபதுக்கு இறங்கும். ஒரே ஒரு ஆட்டத்தின் எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

விவரம் தெரிந்தவர்கள் பார்ப்பது வேறு. நிறைய ஆட்டங்களை எடுத்து, அந்த ஆட்டக்காரரின் வழக்கமான தரத்தோடு ஒப்பிடுகிறார்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் எவ்வளவு நேரம் எடுத்தார் என்று பார்க்கிறார்கள். தானே யோசித்து ஆடுபவர், வெட்டிய காயைத் திருப்பி வெட்ட ஒரு நொடிதான் எடுப்பார். யானையைப் பலி கொடுக்கும் இடத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் என்ஜினை வைத்துக்கொண்டு ஆடுபவருக்குப் பெரும்பாலும் எல்லா நகர்வுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் ஆகும். எதிராளியின் நகர்வை அதில் போட்டு, பதிலைப் பார்த்து, திரும்பி வந்து ஆட வேண்டுமல்லவா? ஒரு முறை நெட் அறுந்தது என்பது இந்தக் கணக்கில் எந்த மூலைக்கும் வராது.

2020 ஆகஸ்டில் முடிந்த, நாடுகளின் அணிகள் மோதிய ஆன்லைன் செஸ் ஒலிம்பியாட் நினைவிருக்கிறதா? காலிறுதியில் இந்தியாவின் நிஹால் சரினோடு ஆடிய ஆர்மீனியாவின் ஹைக் மார்டிரோஸ்யானுக்கு இணைப்பு அறுந்து ஆட்டம் போனது. மேல்முறையீட்டை நிராகரித்துவிட்டார்கள், ஆர்மீனியா போட்டியிலிருந்தே விலகியது. ரஷ்யாவுடனான இறுதிப் போட்டியில் அதே நிஹாலுக்கும் நம் அணியின் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு போய், நேரம் தீர்ந்து தோற்றார்கள். அன்று உலகம் முழுக்க பல தளங்கள் முடங்கியிருந்ததால், உலகச் செஸ் கூட்டமைப்பு இந்தியா, ரஷ்யா இரண்டுக்கும் தங்கம் கொடுத்தது. அந்தத் தங்கத்தில் எனக்கு மகிழ்ச்சிதான். இருந்தாலும் ஆர்மீனியக்காரர்களின் வருத்தத்திலும் நியாயம் இருப்பதாகவே இன்றும் நினைக்கிறேன். உலக அளவிலேயே நெட் விஷயத்தில் இவ்வளவு சிக்கல் என்றால், மழைக்கு டவர் போகும் ஊர்ப் பிள்ளைகளின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

சந்தேகத்தைப் பொதுவில் வீசுவது எவ்வளவு கொடுமை என்பதற்கு அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கியைச் சொல்ல வேண்டும். முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக் அவர்மீது ஓராண்டாகப் பொதுவெளியில் சந்தேகம் கிளப்பிவந்தார். எந்த அமைப்பும் நரோடிட்ஸ்கியைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. தான் நன்றாக ஆடினாலே ஆட்கள் தப்பாக நினைக்கிறார்கள் என்று கடைசி நேரலையில்கூட வருந்தினார். 2025 அக்டோபரில், 29 வயதில் இறந்துபோனார். மரணத்துக்குக் காரணம் இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பழி அவரை எவ்வளவு வாட்டியது என்பதை அவரே சொல்லியிருக்கிறார். உலகம் அறிந்த ஆட்டக்காரருக்கே அப்படியென்றால், பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? என் மாணவி இப்போது ஆன்லைன் போட்டி என்றாலே வேண்டாம் என்கிறாள்.

ஆன்லைன் போட்டி நடத்தும் அகாடமிகளையும் சங்கங்களையும் உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். நகர்வுக்குச் சில நொடிகள் கூடும் இன்கிரிமென்ட் முறையில் ஆட்டங்களை வையுங்கள். சின்னத் தடங்கலாவது தாங்கும். இணைப்பு போனால் என்ன செய்வீர்கள், யாரிடம் முறையிடலாம் என்பதைக் கட்டணம் வாங்கும்போதே எழுத்தில் கொடுங்கள். சந்தேகம் வந்தால் பிள்ளையையும் பெற்றோரையும் தனியாக அழைத்து, அந்த நகர்வை ஏன் ஆடினாய் என்று பலகையில் காட்டச் சொல்லுங்கள். தானே யோசித்து ஆடிய பிள்ளைக்கு அதைச் சொல்லத் தெரியும். விசாரணை முடியும்வரை குழுவில் யார் பெயரும் வரக் கூடாது. பரிசுத் தொகை பெரியதென்றால், கடைசிச் சுற்றுகளையாவது ஒரு பள்ளிக்கூடத்தில் நேரில் நடத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு செஸ் பயிற்சியாளர்,
தென்காசி மாவட்டம்